துலாக்கோலும் துலாமரமும்

பாலாறு நந்திமலைப் பக்கத்தில் தோன்றிக் கடலை அடையும் வரை ஏறத்தாழ 348 கிலோமீட்டர் ஓடுகிறது. அத்தொலைவில் கன்னட நாட்டுக்குள் அடங்குவது 93 கிலோமீட்டர் மட்டுமே. அந்தச் சிறு பகுதிக்குள்ளேயே ஆற்றை மறித்துக் கட்டிய பழமையான ஏரி ஒன்று உண்டு. ஏரியை உடைய ஊர் பேத்தமங்களா. பண்டைக் காலத்தில் இதற்கு விசயாதித்தமங்கலம் என்று பெயர். கோலார் தங்கவயலில் வாழும் தமிழ் மக்கள் இவ்வூரைத் தண்ணீரோடு சேர்த்தே அறிவர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், தங்கச் சுரங்கங்களுக்கும் அவற்றைச் சூழ்ந்த தொழிலாளர் குடியிருப்புகளுக்கும் நீர் வழங்கும் பொருட்டு, இவ்வேரியை ஒட்டி நீரேற்று நிலையமும் வடிகட்டும் சாலையும் அமைக்கப்பெற்றன. ஏரி தாழ்வில் இருந்தது. தங்கவயல் மேட்டில் இருந்தது. ஆதலால் நீரைத் தானாக ஓடவிட இயலாது. தூக்கியே அனுப்ப வேண்டியிருந்தது.

மேட்டிலே பொன்னை நிறுத்தார்கள். பள்ளத்திலே நீரை ஏற்றினார்கள். இவ்விரண்டு தொழில்களுக்கும் உரிய கருவிகளைத் தமிழ் ஒரே சொல்லால் அழைத்து வந்திருக்கிறது. தட்டான் கையில் உள்ள நிறைகோலும் துலா. தோட்டக்காரன் கிணற்றின் மேல் நாட்டிய ஏற்றமரமும் துலா. இச்சொல்லின் வரலாற்றை நேயர்களோடு சேர்ந்து சற்றே ஆராய்வது இவ்வுரையின் நோக்கம்.

துலா என்பது வடமொழியிலிருந்து வந்த சொல். நம் முன்னோர் அதனைத் துலை என்றும் துலாம் என்றும் தமிழ் ஓசைக்கு இசைய மாற்றிக்கொண்டனர். அதன் வேர்ச்சொல்லுக்குத் தூக்குதல் என்னும் பொருளும் நிறுத்தல் என்னும் பொருளும் உண்டு. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. தமிழின் சொந்தச் சொற்களும் அதே வழியில்தான் சென்றிருக்கின்றன. எடு என்பதிலிருந்து எடை பிறந்தது. தூக்கு என்றால் உயர்த்துவதும் ஆகும், நிறுப்பதும் ஆகும். ஒரு கருத்தின் நன்மை தீமைகளை ஆராய்வதைச் சீர்தூக்கிப் பார்த்தல் என்கிறோம். கையால் ஒன்றைத் தூக்கிப் பார்த்துத்தான் மனிதன் முதன்முதலில் அதன் கனத்தை அறிந்தான் என்ற செய்தி இச்சொற்களுக்குள் உறைந்து கிடக்கிறது. இப்போது கடைகளில் பெருவழக்காக உள்ள தராசு என்னும் சொல் பாரசீகத்திலிருந்து வந்தது. அது பின்னால் வந்து முன்னால் இருந்தவற்றை ஓரமாக ஒதுக்கிவிட்டது. துலாம் பஞ்சாங்கத்துக்குள்ளும் கோயிலுக்குள்ளும் போய்ச் சேர்ந்தது.

இலத்தீன் மொழியிலும் இத்தகைய கதை ஒன்று உண்டு. லிப்ரா என்னும் சொல் தராசையும் குறித்தது, ஓர் எடையளவையும் குறித்தது, வான்மண்டலத்தில் ஓர் இராசியையும் குறித்தது. நம் துலாமும் அவ்வாறே: கருவி ஒன்று, நூறு பலம் கொண்ட எடையளவு ஒன்று, ஏழாவது இராசி ஒன்று. இரண்டு தட்டுகளை உடையது என்னும் பொருள்கொண்ட மற்றோர் இலத்தீன் சொல்லிலிருந்துதான் ஆங்கிலத்தின் பாலன்ஸ் பிறந்தது. அரசாங்க அலுவலகங்களில் மொழிபெயர்ப்புத் தொழில் செய்யும் நம்மைப் போன்றவர்களுக்கு இந்தப் பாலன்ஸ் நாள்தோறும் வேலை கொடுக்கும் சொல். வங்கிக் கணக்கில் வந்தால் அதை இருப்பு என்கிறோம். கடன் கணக்கில் வந்தால் நிலுவை. செலவு போக எஞ்சினால் மீதி. நிறுவனத்தின் ஆண்டுக் கணக்கில் வந்தால் ஐந்தொகை. நாடுகளின் வாணிகத்தைப் பற்றிச் சொல்ல வந்தால் சமநிலை. பேருந்து நடத்துனரிடம் கேட்கும்போதோ, எந்த அகராதியையும் பாராமல் ‘பாக்கி’ என்று கேட்டு வாங்கிக்கொள்கிறோம். ஆங்கிலச் சொல் ஒன்றுக்குத் தமிழில் ஒரே சொல் வேண்டும் என்று பிடிவாதம் செய்வோர் இவ்விடத்தில் தோற்றுப்போவர். தோற்பது நல்லதே. கையில் இருப்பதும் பிறர் தரவேண்டியதும் வேறு வேறு என்பதைத் தமிழ் மறைக்காமல் சொல்லுகிறது.

இனி இலக்கியத்துக்கு வருவோம். கோல் என்பது தமிழில் பெருமை வாய்ந்த சொல். அரசன் கையில் அது செங்கோல். புலவன் கையில் எழுதுகோல். வணிகன் கையில் துலாக்கோல். திருக்குறளின் பன்னிரண்டாம் அதிகாரமாகிய நடுவு நிலைமையில் திருவள்ளுவர் சான்றோருக்கு உவமையாக எடுத்துக்கொண்டது இந்தக் கோலைத்தான். அதற்கு உரை எழுதப் புகுந்த பரிமேலழகர் ஒரு நுட்பத்தைச் சுட்டுகிறார். துலாம் தன்மேல் பாரம் வைக்கப்படுவதற்கு முன்னரே தான் சமனாக நிற்கிறது. அதன் பின்னரே வைத்த பாரத்தை அளந்து சொல்லுகிறது என்பது அவர் காட்டும் பொருள். முதலில் வெறுந்தட்டு நேராக நிற்க வேண்டும். இது எந்தக் கடைக்காரரும் அறிந்த செய்தி. ஆயினும் நீதியைப் பற்றிச் சொல்லும்போது மிக எளிதில் மறந்துபோகும் செய்தி.

பட்டினப்பாலையின் ஆசிரியர் உருத்திரங்கண்ணனார் காவிரிப்பூம்பட்டினத்து வணிகரின் நடுவுநிலையைச் சொல்லும்போது தராசை நாடவில்லை. இரண்டு காளைகளைப் பூட்டும் நுகத்தடியின் நடுவில் தைத்த ஆணியை உவமையாக்கினார். கடைத்தெருவைப் பாடியவருக்குக் கழனியிலிருந்து உவமை கிடைத்தது. தராசும் உழவுக் கருவியும் தமிழர் எண்ணத்தில் எவ்வளவு அருகில் இருந்தன என்பதற்கு இது சான்று.

நிறைகோலுக்கும் கோலார்ப் பகுதிக்கும் உள்ள தொடர்பு ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். நன்னூலின் பாயிரத்தில் பவணந்தி முனிவர் நல்லாசிரியருக்கு நிலம், மலை, நிறைகோல், மலர் ஆகிய நான்கையும் ஒப்புமை கூறுகிறார். நிறைகோலை அவர் எடுத்துக்கொண்டதற்குக் காரணங்கள் இரண்டு: அது பொருளின் அளவை ஐயமறக் காட்டுகிறது, எந்தப் பக்கமும் சாயாமல் நடுவே நிற்கிறது. இந்நூலைச் செய்வித்தவன் சீயகங்கன் என்னும் கங்கர் குலத் தலைவன். அவன் மூன்றாம் குலோத்துங்க சோழன் காலத்தவன். வேலூருக்கு அருகில் உள்ள திருவல்லத்துக் கல்வெட்டில் அவன் குவளாலபுரத்துக்கு இறைவன் என்று சிறப்பிக்கப்படுகிறான். குவளாலபுரம் என்பது இன்றைய கோலார். தமிழ்ப் பள்ளி மாணவர் ஏழெட்டு நூற்றாண்டுகளாக மனப்பாடம் செய்துவரும் இலக்கண நூல், கோலாரின் பெயரைப் பட்டமாகத் தாங்கிய ஒருவன் வேண்டுகோளால் பிறந்தது என்பதைத் தங்கவயலில் உள்ளவர்கள்கூட அதிகமாகப் பேசுவதில்லை. கோலாரம்மன் கோயிலில் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் இன்றும் இருக்கின்றன. அந்நாளில் அந்நிலப்பகுதிக்கு நிகரிலிச் சோழமண்டலம் என்று பெயர். நிகர் இல்லாத மண்டலம்! நிறுப்பதற்கு மறுதட்டில் வைக்க ஒன்றுமில்லை என்று சொல்லுவது போன்ற பெயர்.

அரசர்கள் சொல்லால் எவ்வளவு பெருமை பேசினாலும், பொன்னைத் தொடும்போது எடையில் மிகக் கண்டிப்பாக இருந்தனர். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் கொடுத்த பொருள்களின் பட்டியல் கல்லிலே வெட்டப்பட்டிருக்கிறது. பொன்னை நிறுத்த எடைக்கல்லுக்கு ஆடவல்லான் என்று பெயர். மணிகளை நிறுத்த கல்லுக்குத் தட்சிணமேருவிடங்கன் என்று பெயர். அளவுகளோ கழஞ்சு, மஞ்சாடி, குன்றி. கழஞ்சு என்பது கழற்சிக்காயின் விதை. மஞ்சாடியும் குன்றியும் சிவந்த மரவிதையும் கொடிவிதையும். இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. காட்டிலே பொறுக்கிய விதைகளில் தொடங்கிய அளவு, பேரரசின் கருவூலத்தில் தெய்வப் பெயர் தாங்கிய கல்லாக முடிந்தது. அசையாது நிற்க வேண்டிய எடைக்கல்லுக்கு ஆடுவதில் வல்லவன் பெயரை வைத்தார்களே என்று நமக்கு ஒரு புன்முறுவல் தோன்றாமல் இல்லை. ஆனால் தராசும் ஆடித்தான் நிலைக்கு வருகிறது. ஆடாத தராசு துருப்பிடித்த தராசு.

கல்லுக்குத் தெய்வப் பெயர் வைத்ததற்கு ஒரு காரணம் இருந்திருக்க வேண்டும். எடையில் வஞ்சனை செய்வது எடையைப் போலவே பழமையானது. கௌடிலியரின் அர்த்தசாத்திரம் பொற்கொல்லர் பயன்படுத்தக்கூடிய கெட்ட தராசுகளை வகைப்படுத்திச் சொல்லுகிறது. எளிதில் வளையும் கோலும் குறையுள்ள தட்டும் அவற்றுள் அடக்கம். காந்தக்கல் பதித்த தராசும் உண்டு. எடைக்கற்களை நான்கு திங்களுக்கு ஒருமுறை சோதித்து முத்திரையிட வேண்டும் என்றும் அந்நூல் விதிக்கிறது. 1956ஆம் ஆண்டில் இந்தியப் பாராளுமன்றம் எடை அளவைத் தரச் சட்டத்தை இயற்றியது. 1958 முதல் சேரும் வீசையும் பலமும் படிப்படியாக விலகிக் கிலோகிராம் கடைக்கு வந்தது. சட்டத்தின் மொழி மாறிற்று, கவலை மாறவில்லை.

தராசில் தானே ஏறி நின்ற அரசர்களும் உண்டு. தன் எடைக்கு எடை பொன்னைத் தட்டில் வைத்துத் தானம் செய்வது துலாபாரம், அல்லது துலாபுருட தானம். முதலாம் இராசராசன் தன் ஆட்சியின் 29ஆம் ஆண்டில் திருவிசலூரில் துலாபாரம் ஏறினான். அம்பியில் விட்டலர் கோயிலுக்கு அருகே இரண்டு கல்தூண்களும் அவற்றின்மேல் ஒரு கல்விட்டமும், விட்டத்தில் வளையங்களும் இருக்கின்றன. அதனை அரசரின் துலாபாரம் என்று காட்டுவர். முகலாயப் பேரரசர்களும் பிறந்தநாள்களில் தம்மை நிறுத்துக் கொடை வழங்கினர். ஆங்கிலத் தூதர் தாமஸ் ரோ 1617இல் மாண்டுவில் சகாங்கீர் தராசில் அமர்ந்ததை நேரில் கண்டு எழுதினார். 1936ஆம் ஆண்டில் பம்பாயில் மூன்றாம் ஆகா கானைப் பொன்னாலும், பத்தாண்டுக்குப் பின் வைரத்தாலும் நிறுத்தனர். குருவாயூரில் இன்றும் எளிய மக்கள் வாழைப்பழத்தாலும் சர்க்கரையாலும் வெண்ணெயாலும் தம் குழந்தைகளைத் துலாபாரம் கொடுக்கின்றனர். மன்னர்களின் சடங்கைக் காட்டிலும் இதுவே பொருள் நிறைந்ததாக நமக்குத் தோன்றுகிறது. நோய் நீங்கிய குழந்தையின் கனம் எவ்வளவு என்று தாய்க்கு ஏற்கெனவே தெரியும். அதைப் பிறர் முன்னிலையில் தராசும் ஒத்துக்கொள்கிறது.

வானத்துத் துலாத்தைப் பற்றிச் சில சொற்கள். சூரியன் துலா இராசியில் புகும் நாள் ஐப்பசி முதல் நாள். பகலும் இரவும் ஒத்திருக்கும் காலத்தில் தோன்றும் இராசி ஆதலால் அதற்குத் தராசு உருவம் பொருத்தமாயிற்று. இப்போதோ சம இரவு நாள் செப்டம்பர் 22, 23 தேதிகளிலேயே வந்துவிடுகிறது. ஐப்பசி பிறப்பது அக்டோபர் நடுவைக் கடந்த பின்னர். பூமியின் அச்சு மிக மெல்லச் சுழல்வதால் நேர்ந்த இடைவெளி இது. வானத்துத் தராசும் சிறிது சாய்ந்துபோயிருக்கிறது என்று சொல்லலாம். ஆயினும் மக்கள் பழைய கணக்கையே போற்றுகின்றனர். குடகில் தலைக்காவிரியில் துலா சங்கிராந்தி கொண்டாடப்படுகிறது. மயிலாடுதுறையில் துலாக்கட்டத்தில் ஐப்பசி முழுவதும் நீராடுகின்றனர்; மாதக் கடைசி நாளில் கடைமுழுக்கு. வர இயலாமல் பின்தங்கியவர்களுக்காக அடுத்த நாளும் முடவன் முழுக்கு என்று ஒரு சலுகை உண்டு. மேலே கன்னட மலையில் ஒன்று, கீழே தமிழ்ச் சமவெளியில் ஒன்று; ஆற்றின் இரு முனைகளிலும் அதே மாதத்தில் அதே சொல்.

நீர் என்றவுடன் நாம் மற்றைத் துலாவுக்கு வந்துவிட்டோம். இரண்டு கைகளும் ஒத்த நீளமுள்ள தராசைத்தான் இதுகாறும் சொன்னோம். ஒரு கை குறுகியும் ஒரு கை நீண்டும் உள்ள தராசும் நாட்டுப்புறத்தில் இருந்தது. அதன் பெயர் வெள்ளிக்கோல். அடையாளம் பொறித்த ஒரு மரக்கோலில் பொருளைத் தொங்கவிட்டு, தாங்கும் இடத்தை மாற்றி மாற்றி எடையை அறிவார்கள். சிறிய பாரம் தொலைவில் நின்றால் அருகில் உள்ள பெரிய பாரத்துக்கு ஈடாகும் என்பது அதன் அடிப்படை. அந்த வெள்ளிக்கோலை இருபது முப்பது மடங்கு பெரிதாக்கிக் கிணற்றின் மேல் வைத்தால் ஏற்றம் வந்துவிடும். நாட்டிய காலின் மேல் ஒரு நெடுமரம். மரத்தின் ஒரு முனையில் கழியும் சாலும். மறு முனையில் கனம். நிறைந்த சாலை மேலே கொணரும் உழைப்பில் பாதியை அந்தக் கனம் தாங்கிக்கொள்ளும். பெரிய ஏற்றமானால் ஆட்கள் மரத்தின் மேலேயே முன்னும் பின்னும் நடந்து தம் உடலையே எடைக்கல்லாக்குவர். யாழ்ப்பாணத்தில் துலா என்றாலே முதலில் நினைவுக்கு வருவது இதுதான். ஆடுகாலின் மேல் படுத்த துலாவில் ஒருவர் நடந்து மிதிக்க, கீழே ஒருவர் பட்டையைப் பிடித்து இறைக்க, மற்றொருவர் பாத்தியில் நீரைத் திருப்பிவிடுவார். எகிப்தில் நைல் ஆற்றங்கரையிலும் இதே கருவி சாதூப் என்னும் பெயரோடு உழைத்தது. இறந்தவனின் இதயத்தை ஓர் இறகோடு வைத்து நிறுக்கும் படத்தை வரைந்ததும் அந்த எகிப்தியரே.

தமிழ்நாட்டு ஏற்றத்துக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. ஏற்றம் இறைப்பவர் பாடுவர்; பாட்டிலேயே சாலின் எண்ணிக்கையும் போகும். ஒன்று, இரண்டு என்று தொடங்கி நூறு வரை ஏறும். களைப்புத் தெரியாமல் இருக்கப் பாடினர் என்று சொல்லுவது பாதி உண்மை. இத்தனை சால் இன்னார் வயலுக்கு என்ற கணக்கும் அப்பாட்டில் இருந்தது. தட்டான் குன்றிமணியால் பொன்னை எண்ணினான். ஏற்றக்காரன் குரலால் நீரை எண்ணினான். துலா இரண்டிடத்திலும் எண்ணுவதற்கும் உதவியது.

பேத்தமங்களா இருக்கும் நிலப்பகுதியில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே தெருவில் கலந்து பேசப்படும். கன்னடத்தில் ஏற்றத்துக்கு ஏத என்று பெயர். உறவு காதிலேயே விளங்குகிறது. மின்விசையால் நீரை மேட்டுக்கு ஏற்றும் பெரிய பாசனத் திட்டங்களுக்கு இன்று கன்னட அரசு ஆவணங்கள் வழங்கும் பெயர் ஏத நீராவரி. மரமும் சாலும் மறைந்த பின்னும் சொல் பணியிலிருந்து ஓய்வு பெறவில்லை. பெங்களூரின் கழிவுநீரைத் தூய்மை செய்து கோலார் மாவட்டத்து வறண்ட ஏரிகளுக்கு ஏற்றும் பணி 2018இல் தொடங்கியபோதும் இச்சொல்லே பயன்பட்டது. பாலாறு வறண்ட நாட்டுக்கு வேறோர் ஊரின் கழிவுநீர் ஏறி வருவதைப் பற்றி வேளாண்மக்களிடையே மகிழ்ச்சியும் இருந்தது, அச்சமும் இருந்தது.

இனித் தங்கவயல். 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் நிறுவனத்தார் இங்கே கால் வைத்தனர். வட ஆர்க்காடு, சித்தூர், சேலம், தருமபுரிப் பக்கங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் குடும்பம் குடும்பமாக வந்து சேர்ந்தனர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் சென்றது. மூடப்படும் வரை இச்சுரங்கங்களிலிருந்து எடுத்த பொன் 800 டன் அளவு என்பர். பாறையில் பொன் கட்டியாகக் கிடப்பதாகக் கேட்போர் எண்ணக்கூடும். அப்படியன்று. ஒரு டன் பாறைக்குச் சில கிராம் என்பதே கணக்கு. அதைக் கண்டறியும் இடத்தில்தான் தராசு தன் முழு மதிப்பைப் பெறுகிறது.

பாறையின் மாதிரியை மாவாகப் பொடித்து, ஈயச் சேர்மத்தோடு உலையில் உருக்குவர். பொன்னும் வெள்ளியும் ஈயத்தோடு சேர்ந்து அடியில் இறங்கும். அந்த ஈயத்தை எலும்புச் சாம்பலால் செய்த சிறு கிண்ணத்தில் வைத்து மீண்டும் காய்ச்சினால் ஈயம் கிண்ணத்தால் உறிஞ்சப்பட்டு, ஒரு சிறு மணி எஞ்சும். நைட்ரிக் அமிலத்தில் வெள்ளியைக் கரைத்துவிட்டால் மிஞ்சுவது பொன். ஊசிமுனை போன்ற அந்தப் பொன்னைக் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் தராசில் நிறுப்பர். பேழை எதற்கு என்றால், நிறுப்பவரின் மூச்சுக்காற்றுப் பட்டாலும் முள் அசைந்துவிடும். நம் ஊர்த் தட்டானின் உரைகல் பொன்னின் மாற்றைச் சொல்லிற்று. இத்தராசு பூமிக்கு அடியில் மறுநாள் எந்தப் பக்கம் வெட்டுவது என்பதைச் சொல்லிற்று. ஆயிரக்கணக்கான அடிகளுக்குக் கீழே வெட்டும் ஆளின் வேலை, மேலே ஒரு கண்ணாடிப் பேழைக்குள் அசையும் முள்ளின் பேச்சைக் கேட்டு நடந்தது.

இத்தகைய நுண்மையான தராசுக்கும் ஒரு குறை உண்டு. அதன் இரண்டு கைகளும் மயிரிழை அளவும் பிசகாமல் ஒரே நீளமாக இருக்க முடியாது. அப்பிசகை வெறுந்தட்டில் கண்டுகொள்ள இயலாது. வெறுந்தட்டு நேராகவே நிற்கும். இதற்கு ஜெர்மானியக் கணித மேதை காஸின் பெயரால் வழங்கும் வழி ஒன்று இருக்கிறது. பொருளை இடத்தட்டில் வைத்து ஒருமுறை நிறுக்க வேண்டும். பின்னர் வலத்தட்டுக்கு மாற்றி மறுமுறை நிறுக்க வேண்டும். இரண்டு விடைகளுக்கும் நடுவில் உண்மை இருக்கும். பரிமேலழகர் சொன்ன வெறுந்தட்டுச் சோதனைக்கு அடுத்த படி இது. தராசைச் சோதிக்க வேண்டுமானால் தட்டை மாற்றி வைக்க வேண்டும்.

சுரங்கம் முழுவதுமே ஒருவகைத் துலாதான். ஆழ்சுரங்கங்களில் வழக்கமாக ஒரே உருளையில் இரண்டு கூண்டுகளைக் கயிறு பூட்டியிருப்பர். ஒன்று இறங்க மற்றொன்று ஏறும். 1902ஆம் ஆண்டில் சிவசமுத்திரத்தில் காவிரி விழும் விசையிலிருந்து மின்சாரம் எடுத்து, ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பி வழியே தங்கவயலுக்குக் கொணர்ந்தனர். காவிரி நீர் ஒரு துளியும் வரவில்லை. அது விழுந்த விசை மட்டும் வந்து இங்கே பாறையை நொறுக்கிற்று. ஆனால் நொறுக்கிய பாறையைக் கழுவவும் பொன்னைப் பிரிக்கவும் விசை போதாது, நீர் வேண்டும். ஆயிரமாயிரம் குடும்பங்கள் குடிக்கவும் சமைக்கவும் நீர் வேண்டும். அந்த நீர் பாலாற்றிலிருந்து, பேத்தமங்களா ஏரியிலிருந்து ஏறி வந்தது.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டைக் காணாமல் இருக்க முடியாது. ஏறிச் சென்ற நீரால் கிடைத்த பொன் ஒவ்வொரு படியிலும் நிறுக்கப்பட்டது, எழுதப்பட்டது, முத்திரையிடப்பட்டது. ஏறாத நீர், அதாவது கலிங்கு வழியே இறங்கி ஆந்திர நாட்டில் 33 கிலோமீட்டரும் தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டரும் ஓட வேண்டிய நீர், அத்தனை நுட்பமான எந்தத் தராசிலும் ஏறவில்லை. வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் வேலூருக்கும் பாலாறு மணலாறு. அங்கே மணலுக்கு அடியில் ஊறும் நீரை நம்பித்தான் கிணறும் ஊற்றுக்காலும் வெட்டினார்கள். மேலே ஓர் ஏரி நிரம்பினால் கீழே எத்தனை கிணறு குறையும் என்பதைச் சாலை எண்ணும் பாட்டாலும் சொல்ல இயலாது.

இரு நாட்டாருக்கும் இடையே ஓர் அளவுகோல் வேண்டும் என்ற எண்ணத்தால் 1892ஆம் ஆண்டில் சென்னை அரசும் மைசூர் அரசும் உடன்படிக்கை செய்துகொண்டன. அதில் பெயர் குறிக்கப்பட்ட 15 பெரிய ஆறுகளுள் பாலாறும் ஒன்று. சென்னையின் முன் இசைவு இன்றி அவ்வாறுகளின் குறுக்கே மைசூர் புதிய பாசன நீர்த்தேக்கங்களை அமைக்கலாகாது என்பது அதன் சாரம். இது கீழ்நாட்டைக் காக்கும் நீதி என்று தமிழ்நாட்டார் பேசினர். வலிய வெள்ளை அரசு எளிய சமத்தானத்தின் மேல் சுமத்திய பாரம் என்று கன்னட நாட்டார் பேசினர். இரண்டு பேச்சிலும் உண்மை உண்டு என்பதே நம் கருத்து. தட்டை மாற்றி நிறுக்கும் வழி இவ்வழக்கில் எளிதன்று. ஆற்றைத் திருப்பி ஓடச் செய்து பார்க்க எவராலும் இயலாது. ஆனால் வாணியம்பாடி உழவன் பேத்தமங்களாவில் நின்று பார்த்தால் என்ன கேட்பான், பேத்தமங்களாவில் உள்ளவன் வாணியம்பாடியில் நின்றால் என்ன கேட்பான் என்று இரண்டு விடைகளையும் எழுதி வைத்துக்கொண்டு பேசத் தடை ஒன்றுமில்லை. தங்கவயலில் இருக்கும் தமிழர்களுக்கோ இது கற்பனை அன்று. அவர்கள் வீட்டுக் குழாயில் மேல்நாட்டு நீர் வந்தது. அவர்கள் பாட்டன் ஊரில் கீழ்நாட்டுக் கிணறு இருந்தது. ஒரே குடும்பத்தின் இரண்டு தட்டுகள்.

சுரங்கங்களை 1956இல் மைசூர் அரசும், 1962இல் மத்திய அரசும் ஏற்றன. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் அவை மூடப்பட்டன. எடுக்கும் பொன்னைக் காட்டிலும் எடுக்கும் செலவு கனமாகிவிட்டது என்பது மூடியவர்கள் காட்டிய தராசு. வேலை இழந்த குடும்பங்களைத் தட்டில் ஏற்றிப் பார்த்தவர் சிலரே. சயனைடு மேடுகள் என்று தங்கவயலார் அழைக்கும் கழிவு மண் மேடுகள் ஊரைச் சுற்றி நிற்கின்றன. காற்று வீசும் காலத்தில் அவற்றின் தூசு வீடுகளுக்குள் படியும். அம்மேடுகளில் எஞ்சிய பொன்னைப் பிரித்தெடுக்கும் திட்டத்துக்கு 2024ஆம் ஆண்டில் கர்நாடக அமைச்சரவை இசைவு அளித்தது. மீண்டும் மாதிரி எடுப்பார்கள், உலையில் உருக்குவார்கள், கண்ணாடிப் பேழைக்குள் முள் அசையும். அவ்வேலைக்கும் நீர் வேண்டும்.

2021ஆம் ஆண்டு நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்தது. பல ஆண்டுகளாக மணலையே கண்டிருந்த வேலூர் மக்கள் பாலங்களின் மேல் நின்று ஆற்றைப் பார்த்தனர். அன்று மேலே உள்ளவரும் கீழே உள்ளவரும் ஒரே நீரைக் கண்டு மகிழ்ந்தனர், ஒரே நீரைக் கண்டு அஞ்சினர். எவ்வளவு நீர் கடலுக்குப் போயிற்று என்ற பேச்சு சில வாரங்கள் நடந்தது. பின்னர் ஆறு மறுபடியும் மணலாயிற்று.